பெயர் சொல்லவில்லைத்தானே

சுலோஜனாவுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. ஆனால் செய்வதற்கு வேலை கிடைக்கவில்லை. பட்டதாரி நியமனத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் போனவர்களில் பலருக்கு அப்படித்தான். காலையில் சம்பூரிலிருந்து மூதூருக்கு ஸ்கூட்டியில் போவாள். கையெழுத்து வைத்துவிட்டு போட்டோக் கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கும் கதிரையில் இருப்பாள். எல்லோரும் வந்துவிட்ட நாளில் கதிரை போதாது. அப்போது ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு வாசலில் போகிற வருகிற சனத்தைப் பார்ப்பாள். பின்னேரம் வீட்டுக்குப் போனால், துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்யும் கணவன் பகிடியாகக் கேட்பான்: "இண்டைக்கு எத்தினை பேரை அபிவிருத்தி செய்தனீர்?"

அவளுக்குச் சிரிப்பு வராது. படிக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

2006இல் சண்டை மூண்டு சம்பூர்ச் சனம் ஊரைவிட்டு ஓடியபோது அவள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள். ஓடி ஓடிக் கடைசியில் கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் வந்து நின்றார்கள். புத்தகமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அங்கேதான் சோமசேகரம் என்ற இளைஞன் மரத்தடியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து வகுப்பு நடத்தினான். அவனும் சம்பூர்தான். தானும் எல்லாவற்றையும் இழந்தவன். பிள்ளைகள் அவனைச் சோமண்ணை என்பார்கள். சுலோஜனாவைப் பரீட்சைக்கு இருக்க வைத்ததும், பல்கலைக்கழகத்துக்குப் போகச் சொல்லித் தகப்பனிடம் சண்டை பிடித்ததும் அவன்தான். பிறகு அவனும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய் ஒவ்வொரு படியாக ஏறினான். கன வருடம் கழித்து ஊர் திரும்பக் கிடைத்து, சனம் பற்றை வெட்டிக் கொட்டில் போட்டு மறுபடி வேளாண்மை செய்யத் தொடங்கியபோது, அலுவலகங்களில் "எங்கட ஆள்" என்று சொல்ல அவர்களுக்கு இருந்தவன் சோமசேகரம் ஒருவன்தான்.

இரசாயன உரத்துக்குத் தடை வந்து உரம் இல்லாமல் போன போகமும், அதற்குப் பிறகு வந்த தட்டுப்பாடும் கமக்காரரைப் போட்டு முறித்திருந்த காலம். அப்போதுதான் புதிதாக ஒரு திட்டம் வந்தது. வயலில் மருந்தடிக்கிறவர்களுக்குப் பாதுகாப்பு, கமக்காரரின் மனதுக்கு ஆறுதல், இரண்டும் ஒன்றாக. முகமூடி, கையுறை, முழங்கால் வரை வரும் சப்பாத்து, பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க ஒரு இரும்புப் பெட்டி. அதோடு ஊருக்கு ஊர் 'மனம்விட்டுக் கதைப்பம்' என்று ஒரு கூட்டம். திருகோணமலையில் அதற்கென்று திறந்த சிறிய பணிமனைக்குப் பொறுப்பாக வந்தவர் சோமசேகரம். வந்த கையோடு சுலோஜனாவைக் கேட்டு எடுத்தார்.

"சனத்தோட கதைக்கத் தெரிஞ்ச ஆள் எனக்கு வேணும், தங்கச்சி. பட்டம் படிச்ச ஆக்கள் கனபேர் இருக்கினம். வயலுக்குள்ள இறங்குற ஆக்கள் இல்லை."

அன்று அவள் வீட்டுக்குப் போய்க் கணவனிடம், "இனி நான் உண்மையா வேலைக்குப் போறன்" என்றாள்.

வேலை லேசாக இருக்கவில்லை. முகமூடியைப் போட்டுக்கொண்டு வெயிலில் மருந்தடிக்க ஏலாது என்றார்கள். மூச்சு முட்டுகிறது, கண்ணாடி புகைகிறது. சப்பாத்து சேற்றுக்குள் போனால் கால் மட்டும்தான் வெளியே வருகிறது. ஒருவர் தன் முகமூடியை வயலில் நின்ற வெருளிப் பொம்மைக்கு மாட்டி வைத்திருந்தார். கேட்டபோது, "யானை வந்தாலும் பயப்பிடும், மிஸ்" என்றார். சுலோஜனா சண்டை பிடிக்கவில்லை. தானும் அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று பார்த்துவிட்டு, உண்மைதான், இதோடு நிற்க ஏலாது என்று பணிமனைக்கு எழுதினாள். பிறகு பாரம் குறைந்த வேறொரு வகை வந்தது. இரும்புப் பெட்டி பெண்களுக்குப் பிடித்துக்கொண்டது. குசினி மூலையில் மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்த மருந்துப் போத்தல்கள் பெட்டிக்குள் போயின. அதற்காக மட்டும் என்றாலும் இந்தத் திட்டம் வந்தது நல்லது என்று அவள் நினைத்தாள்.

மனம்விட்டுக் கதைக்கும் கூட்டம்தான் நடக்கவில்லை. ஆண்கள் வந்து பின்வரிசையில் இருப்பார்கள், தேத்தண்ணியும் பணிசும் முடிந்ததும் எழும்பிப் போய்விடுவார்கள். "எங்களுக்கு மனசில ஒண்டுமில்லை, மிஸ். வயல்லதான் பிரச்சினை." கூட்டம் போட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று கண்டதும் அவள் கூட்டத்தை விட்டுவிட்டு வரம்பில் நடக்கத் தொடங்கினாள். புல்லுப் பிடுங்கும் இடத்தில் நிற்பாள், தண்ணி கட்டும் இடத்தில் நிற்பாள். கை வேலை செய்துகொண்டிருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தாள்.

சிவகுருநாதனைத் தேடிப் போனது வேறு அலுவலாக. அவர் ஐம்பது தாண்டிய மனிதர். நல்ல வேளாண்மைக்காரர். முந்திய பெரும்போகத்தில் மருந்தடிக்கப் போனவர் வரம்பில் விழுந்து கிடந்தார். பக்கத்து வயல்காரர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிழைத்தார். காற்றுக்கு எதிராக நின்று அடித்ததால் மருந்து மூச்சில் ஏறிவிட்டது என்று ஊர் சொன்னது. அவருடைய மனைவி அன்னலட்சுமியும் அதைத்தான் சொன்னாள். முகமூடி போடச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் சுலோஜனாவும், "சிவகுருநாதன் அண்ணைக்கு நடந்தது தெரியும்தானே?" என்பாள். அவரையே ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்ல வைத்தால் நல்லது என்றுதான் அன்று போனாள்.

அவர் வாய்க்காலில் மண் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நான் வந்து என்னத்தைச் சொல்லுறது, பிள்ளை?"

"நடந்ததைச் சொல்லுங்கோ அண்ணை. மாஸ்க் போட்டிருந்தா இப்பிடி வந்திராது எண்டு."

அவர் வயலைப் பார்த்தார். பிறகு, "நான் மாஸ்க் போட்டிருந்தாலும் அப்பிடித்தான் வந்திருக்கும்" என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை. அவர் வரம்பில் இருந்தார். அவளும் எதிரே இருந்தாள்.

"மூச்சில ஏறேல்லை. நான் குடிச்சனான்."

சுலோஜனா பேசவில்லை. இந்த வேலையில் சேர்ந்தபோது கொடுத்த மூன்று நாள் பயிற்சியில் சொல்லித்தந்த எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. பேசாமல் இருந்ததுதான் சரியாகப் போனது.

"ஏனெண்டு கேக்காதை. எனக்கும் தெரியாது. பெரிசா ஒண்டும் நடக்கேல்லை. அதுக்கு முதல் நடந்ததுகளுக்குச் செத்திருக்கவேணும். ஊர் போனபோது சாகேல்லை. முகாமிலயும் சாகேல்லை. அண்டைக்கு விடியக்காலமை வந்து இதில நிண்டு பாத்தன். திரும்பியும் இதெல்லாத்தையும் செய்யவேணுமோ எண்டிருந்தது. அவ்வளவுதான். வாய்க்குள்ள போன உடனை பயந்திட்டன். துப்பிப்போட்டன். துப்பினதால தப்பிட்டன்."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"அவளுக்குத் தெரியக்கூடாது." அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "ஆஸ்பத்திரியில டொக்டருக்கு விளங்கிட்டுது. மனிசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு கும்பிட்டனான். அவர் சொல்லேல்லை. கிளினிக்குக்கு வாங்கோ எண்டார். நான் போகேல்லை. கிளினிக்குக்குப் போனா அவள் கேப்பாள்தானே."

"இப்ப எப்பிடி இருக்கு அண்ணை?"

அவர் மறைக்கவில்லை. "இடைக்கிடை வருது, பிள்ளை. அந்த நினைப்பு."

ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சுலோஜனா சொன்னாள். அவர் கேட்காமலே சொன்னாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் முழு மனதோடுதான் சொன்னாள். ஆனால் அந்த மனிதரை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் ஏலாது. மனநலக் கிளினிக் திருகோணமலையில். பஸ்ஸில் போனால் ஊர்ச் சனம் ஒருவராவது கூட வரும், எங்கே போகிறீர்கள் என்று கேட்கும். பணிமனை வாகனம் கிடைத்தால் "நெஞ்சைப் பரிசோதிக்கக் கூட்டிக்கொண்டு போறம், திட்டத்தால ஏற்பாடு" என்று அன்னலட்சுமிக்குச் சொல்லலாம். சிவகுருநாதன் அரைமனதோடு தலையாட்டினார்.

வாகனம் கேட்டு அவள் சோமசேகரத்தின் அறைக்குப் போனாள்.

"ஒரு ஆளுக்கு வான் விட ஏலாதே தங்கச்சி. என்ன விசயம்?"

"அவருக்குச் சுகமில்லை, சேர்."

"சுகமில்லாத ஆக்கள் எத்தினை பேர். இவருக்கு என்ன?"

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். முகாமில் பார்த்த அதே முகம்.

"சுலோ, என்னட்டச் சொல்ல ஏலாத விசயமே? நானும் அந்தச் சனம்தானே."

அவள் சொன்னாள். முழுவதும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்று இன்றைக்கும் சுலோஜனா சொல்வாள். "இது இந்த அறையை விட்டுப் போகாது" என்றார். அடுத்த கிளினிக் நாளுக்குத் தானே வான் ஒழுங்கு பண்ணினார். சாரதிக்குக்கூட நெஞ்சு நோய் என்றுதான் சொன்னார்.

சிவகுருநாதன் போனார். முதல் நாள் வாங்கில் குனிந்துகொண்டு இருந்தவர், உள்ளே போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். மாத்திரை கொடுத்திருந்தார்கள். அடுத்த தடவை டொக்டரைப் பற்றி, "நல்ல மனிசன், அவசரப்படுத்தேல்லை" என்றார். மெல்ல மெல்ல அவருக்கு நித்திரை வந்தது. வேலி ஓரமாகப் பயற்றங்காய் போட்டார். ஒருநாள் ஒரு கட்டுப் பயற்றங்காயோடு சுலோஜனாவின் வீட்டுப் படலையில் வந்து நின்று, "பிள்ளை, கறிக்கு" என்றார். அன்னலட்சுமி சந்தியில் கண்டு அவளுடைய கையைப் பிடித்தாள். "நீர்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. அந்த நெஞ்சு மருந்து நல்லா வேலை செய்யுது. இப்ப மனிசன் சிரிக்குது." சுலோஜனாவுக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது. இருந்தாலும் சந்தோசமாகத்தான் இருந்தது. சிவகுருநாதனே வேறு இரண்டு பேரிடம் அவளை அனுப்பினார். "அந்தப் பெடியனோட ஒருக்காக் கதைச்சுப் பாரும் பிள்ளை. வரம்பில தனிய இருக்கிறான்." வரம்பில் அவள் கேட்ட கதைகள் கூடின. அவளை நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

திட்டத்தின் முதற்கட்டம் முடிந்து, அடுத்த கட்டத்தைத் தொடங்கி வைக்க ஒரு விழா எடுத்தார்கள். திருகோணமலையில், கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபம். கொழும்பிலிருந்து அதிகாரிகள், பணம் கொடுக்கும் அமைப்பின் ஆட்கள், பத்திரிகைக்காரர். சம்பூர்ப் பக்கத்துக் கமக்காரருக்கு இரண்டு பஸ் விட்டார்கள்.

"சிவகுருநாதன் அண்ணையைக் குடும்பத்தோட முன்வரிசையில இருத்து" என்று சோமசேகரம் சுலோஜனாவிடம் சொன்னார். "கமக்காரர் சார்பில முதல் பெட்டியை அவர்தான் வாங்கவேணும்."

அவள் பெருமையோடு போய் அழைத்தாள். அவர் புதுச் சேட்டுப் போட்டிருந்தார். மடிப்பு அப்படியே தெரிந்தது. அன்னலட்சுமி கோயிலுக்கு உடுத்தும் சேலையை உடுத்தியிருந்தாள். முன்வரிசையில் சிவகுருநாதன், பக்கத்தில் அன்னலட்சுமி, அவளுக்குப் பக்கத்தில் சுலோஜனா.

பேச்சுகள் நடந்தன. பூச்சிமருந்தால் நாட்டில் எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று திரையில் படம் காட்டினார்கள். கடைசியாகச் சோமசேகரம் மைக்கைப் பிடித்தார். நன்றாகப் பேசுவார். முகாமில் மரத்தடியில் பேசிய குரல்.

"நான் இலக்கங்கள் சொல்லப் போவதில்லை. ஒரு மனிதனின் கதையைச் சொல்லப் போகிறேன். பெயர் சொல்லமாட்டேன். மகாவலி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கமக்காரர்..."

அன்னலட்சுமி ஆவலோடு நிமிர்ந்து இருந்தாள். ஒரு விடியற்காலை அந்தக் கமக்காரர் வயலுக்குப் போனதையும், இனியும் இதையெல்லாம் செய்யவேண்டுமா என்று நினைத்ததையும், மருந்தை வாயில் ஊற்றியதையும் அவர் சொன்னார். அன்னலட்சுமி சுலோஜனாவின் பக்கம் சரிந்து, "பாவம், ஆரோ..." என்றாள். அவளுடைய கண்ணில் நீர் நின்றது.

சுலோஜனாவுக்கு அது யாருடைய கதை என்று விளங்கிவிட்டது. எழும்பிப் போய் மைக்கைப் பறிக்கவேண்டும் என்று தோன்றியது. உடம்பு எழும்பவில்லை. இதோடு நிறுத்திவிடுவார், இதோடு நிறுத்திவிடுவார் என்று ஒவ்வொரு வசனத்துக்கும் நினைத்தாள்.

"அவரை வரம்பிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருந்து மூச்சில் ஏறிவிட்டது என்று ஊர் நம்பியது. அவருடைய மனைவியும் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறார்."

பின்வரிசைகளில் ஒரு சலசலப்பு எழுந்தது. சம்பூரில் அப்படித் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர் ஒருவர்தான்.

அன்னலட்சுமி முதலில் திரும்பவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் திரும்பித் தன் மனிசனைப் பார்த்தாள். சிவகுருநாதன் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அவள் இந்தப் பக்கம் திரும்பிச் சுலோஜனாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. யாரென்று தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கைதட்டல் முடிவதற்குள் பெயர் கூப்பிட்டார்கள். "பாதுகாப்புப் பெட்டியைப் பெற்றுக்கொள்ள, சம்பூரைச் சேர்ந்த திரு. சிவகுருநாதன்."

அவர் போனார். எப்படிப் போனாரோ தெரியாது. பெயர் கூப்பிட்டால் போகப் பழகிய மனிதர். முகாமில் எத்தனை வருடம் பெயர் கூப்பிட்டுத்தானே எல்லாம் கொடுத்தார்கள். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதிகாரிகளுக்கு நடுவே நின்றார். படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள்.

சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கும் இடத்தில் சுலோஜனா சோமசேகரத்தைப் பிடித்தாள்.

"சேர், எனக்கு என்ன சொன்னனீங்கள்?"

"பெயர் சொல்லேல்லைத்தானே, தங்கச்சி."

"பெயர் சொல்லாட்டி? அவரின்ர மனிசி பக்கத்தில இருந்தவ. அவவுக்குத் தெரியாது எண்டு உங்களுக்குத் தெரியும்!"

அவர் அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கதையைக் கேட்டுத்தான் அவங்கள் அடுத்த கட்டத்துக்கு ஓமெண்டவங்கள். இனி மாவட்டம் முழுக்கப் போகப்போகுது. ஒரு ஆளின்ர வெக்கத்தைப் பாத்துக்கொண்டிருந்தா ஆயிரம் பேரைக் காப்பாத்த ஏலாது. ஒருநாள் அவரே எனக்கு நன்றி சொல்லுவார், பாரும்."

"நீங்கள் அவரிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா மாட்டன் எண்டிருப்பார்." அதைச் சொல்லிவிட்டு அவருக்கே ஒருமாதிரிப் போயிருக்கவேண்டும். முகம் இறுகியது. "எனக்குச் சொன்னது அவரில்லையே. நீர்தானே."

கொழும்பு அதிகாரி ஒருவர் வந்து சோமசேகரத்தின் கையைக் குலுக்கினார். "எங்கட களத்தின் நட்சத்திரம்" என்று சோமசேகரம் சுலோஜனாவைக் காட்டி அறிமுகப்படுத்தினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அன்னலட்சுமி முன்னால் பெண்களோடு இருந்தாள். சிவகுருநாதன் பின்சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தனியே. கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸுக்குள் ஒரு கதை இல்லை. சம்பூரில் இறங்கும்போது சுலோஜனா அவருக்கு முன்னால் போய் நின்றாள். "அண்ணை..."

"வழியை விடுங்கோ, மிஸ்" என்றார் அவர்.

அதுவரை பிள்ளை என்றுதான் கூப்பிட்டவர்.

ஊர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். வரம்பில் அவள் வந்தால் ஆட்கள் அடுத்த வயலுக்கு நகர்ந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசினார்கள். சிவகுருநாதன் சொல்லி அவள் போய்ப் பார்த்த அந்தப் பெடியன், தன்னோடு அவள் ஒருநாளும் கதைத்ததில்லை என்று சத்தியம் பண்ணினானாம். "உங்களுக்கும் படம் காட்ட ஒரு கதை வேணுமோ, மிஸ்?" என்று ஒரு பெண் மட்டும் நேரே கேட்டாள். நான் இல்லை, அவர்தான் என்று சொல்லச் சுலோஜனா வாயெடுத்தாள். சொல்லி என்ன? சோமசேகரத்திடம் வாயைத் திறந்தது அவள்தானே. வண்டி கேட்கத்தான் திறந்தாள், நம்பித்தான் திறந்தாள். ஆனால் சிவகுருநாதனுக்கு அது ஒன்றுதான்.

அவர் கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். வான் வந்து வாசலில் நின்றபோது வெளியே வரவில்லை. அதுதான் சுலோஜனாவை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது. தன்னை வெறுக்கட்டும், ஆனால் மாத்திரையை விட்டால் என்ன நடக்கும்? அவள் மேலிடத்துக்கு முறைப்பாடு செய்தாள். ஒரு கமக்காரரின் அந்தரங்கத்தை மேடையில் சொன்னது பிழை என்று நேரே போய்ச் சொன்னாள். விசாரணை வைத்தார்கள். விசாரித்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "அந்தத் தகவலை முதலில் வெளியில் சொன்ன உத்தியோகத்தர் யார்?" என்றார். பெயர் எதையும் சொல்லாத பேச்சில் குற்றம் காண ஏலாது, ஆனால் கள உத்தியோகத்தர் இரகசியம் பேணத் தவறியிருக்கிறார் என்று முடிந்தது. அவளைக் குச்சவெளிக்கு மாற்றினார்கள். அடுத்த கட்டத்துக்கும் சோமசேகரமே பொறுப்பானார்.

போவதற்கு முந்திய கிழமை அன்னலட்சுமி வந்தாள். படலைக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஒண்டு கேக்கவேணும். எனக்குத் தெரியிறதுக்கு எவ்வளவு முதல் உமக்குத் தெரியும்?"

"பயற்றங்காய் போடுறதுக்கு முதலே, அக்கா."

அவள் தலையாட்டினாள். "நான் உம்மட கையைப் பிடிச்சு நெஞ்சு மருந்து எண்டனான். நீர் சிரிச்சுக்கொண்டு நிண்டனீர்."

"ஓம்."

"அவரில எனக்குக் கோவம் இல்லை. பயத்தில மறைச்சவர். முந்தியே தெரிஞ்சிருந்தா நான் பக்கத்தில படுத்திருப்பன், பக்கத்தில நடந்திருப்பன். மண்டபம் நிறைஞ்ச சனத்தோட சேர்ந்து நானும் என்ர மனிசனின்ர கதையைக் கேட்டனான். ஆரோ எண்டு அழுதும்போட்டன்." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். குரல் மாறியது. "அந்தக் கிளினிக் எந்தக் கிழமை? எந்தப் பக்கத்தால உள்ள போறது?"

சுலோஜனா சொன்னாள். எந்தக் கட்டடம், எங்கே இலக்கத் துண்டு எடுப்பது, எந்த டொக்டர் என்று எல்லாம் சொன்னாள். நானும் வரட்டா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டாள்.

"வான் வேண்டாம்" என்றாள் அன்னலட்சுமி. "பஸ்ஸில போறம். இப்ப மறைக்க என்ன இருக்கு?"

போனார்கள். இப்போதும் போகிறார்கள். சுலோஜனா ஒருதடவை ஆஸ்பத்திரி வாசலில் தூரத்தில் கண்டாள். அன்னலட்சுமி கையில் தண்ணிப் போத்தலோடு முன்னால் நடந்தாள், அவர் பின்னால். அவருடைய உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. அவர்கள் கண்ணில் படாமல் இவள் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

திட்டம் குச்சவெளிக்கும் வந்தது. அதே முகமூடி, அதே பெட்டி. விழாக்களில் சோமசேகரம் இப்போதும் அந்தக் கதையைச் சொல்வதாகக் கேள்வி. கொழும்பிலும் சொன்னாராம், சனம் எழும்பி நின்று கைதட்டியதாம். சுலோஜனா வெங்காயத் தோட்டங்களுக்குக் கையுறை கொண்டுபோய்க் கொடுப்பாள். மருந்து அடிக்கும் முறையைச் சொல்வாள். யாராவது மனதைத் திறக்கும் சாடை தெரிந்தால், கிளினிக் நாளையும் பஸ் நேரத்தையும் சொல்லிவிட்டு எழும்பிவிடுவாள்.

நஜ்முன் நிஸா என்ற பெண் அங்கே தனியாக வெங்காயம் செய்கிறாள். ஒருநாள் கையுறையை வாங்கி வைத்துக்கொண்டு அவள், "மிஸ், எனக்குக் கொஞ்ச நாளா ஒரு மாதிரி இரிக்கி..." என்று தொடங்கினாள்.

"ராத்தா, என்னட்டச் சொல்லாதீங்க" என்றாள் சுலோஜனா.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போயிற்று. கையுறையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்துவிட்டாள். கிளினிக் நாளில் சுலோஜனா பஸ் தரிப்பில் பார்த்துக்கொண்டு நின்றாள். நஜ்முன் நிஸா வரவில்லை. அடுத்த கிளினிக் நாளும் வரவில்லை. அதற்கடுத்த தடவை சுலோஜனா விடியவே லீவு சொல்லிவிட்டு அவளுடைய வீட்டுக்குப் போனாள்.

"உங்கட கதையை ஆரும் கேக்காம காப்பாத்துவன் எண்டு நான் சொல்லமாட்டன், ராத்தா. முந்தி ஒரு ஆளுக்கு அப்பிடிச் சொல்லிப்போட்டு என்னால ஏலாமப் போச்சு. நீங்க எனக்கு ஒண்டும் சொல்லவேணாம். டொக்டரிட்டச் சொல்லுங்க. நான் பஸ்ஸில பக்கத்தில வாறன், அவ்வளவுதான்."

நஜ்முன் நிஸா அவளைக் கனநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. நிலாவெளி தாண்டும்வரை அவள் வெங்காய விலையைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாள்.